ஞாயிற்றின் ஒளியும் தோலின் காவலும்

ஞாயிற்றைப் போற்றுதல் தமிழர்தம் பழைய வழக்காகும். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து திங்களை அடுத்து ஞாயிற்றையே வாழ்த்துகின்றது. தைப்பொங்கல் நாட்காலையிற் கொழும்பு மாநகரின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், முற்றமில்லாத மாடி வீடுகளிற்கூட, கோலமிட்டுப் பால் பொங்கவைத்துக் கதிரவனுக்குப் படைக்கும் குடும்பங்கள் பல. பயிரை வளர்ப்பவனும் பிணியைப் போக்குபவனும் அவனே என்பது வழிபடுவோர் நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்யன்று. ஆயின் அதே ஒளி, மனிதனுடைய தோலிற் காவல் புரியும் படையைச் சிறிது பொழுது உறங்கவும் வைக்கின்றது. அவ்வுறக்கம் புற்றுக்கட்டிக்கு வாய்ப்பாகின்றது. இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவியலார் கண்டறிந்த வரலாறு, ஞாயிறு தலைக்கு நேர் மேலே நிற்கும் நாட்டில் வாழ்வோர் அறிந்திருக்கத் தக்கதாகும்.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்துள்ளது. பங்குனித் திங்களின் பிற்பகுதியில் ஏப்ரல் 7ஆம் நாளையொட்டியும், ஆவணித் திங்களின் பிற்பகுதியிற் செப்டெம்பர் 5ஆம் நாளையொட்டியும், நண்பகலிற் கதிரவன் இந்நகரின் உச்சியில் நிற்கின்றான். அப்பொழுது நட்ட கோலுக்கு நிழலில்லை. கதிர்கள் வளிமண்டலத்தை மிகக் குறுகிய வழியாற் கடந்து வருகின்றன. அன்றியும், வெப்ப வலயத்தின் மேலுள்ள ஓசோன் படை, குளிர் நாடுகளின் மேலுள்ளதைவிட இயல்பாகவே மெல்லியது. ஆகவே முகிலற்ற நண்பகலிற் கொழும்பின் ஊதாக்கடந்த கதிர்ச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது வழமை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அஃது உச்ச வகுப்பாகும். கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் உழைப்போரும், வெள்ளவத்தைக் கடலோரத்தில் மீன்பிடிப்போரும், வெட்டவெளியிற் பந்தாடும் மாணவரும் நாள்தோறும் இக்கதிருக்கு முகங்கொடுக்கின்றனர்.

கண்ணுக்குப் புலனாகா ஒளி

இக்கதிர் அறியப்பட்டது 1801ஆம் ஆண்டிலாகும். அதற்கு முந்திய ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்பார், நிறமாலையின் செந்நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர் உண்டென்பதைக் காட்டினார். ஒரு முனைக்கு அப்பால் ஒன்று உண்டெனில் மறுமுனைக்கு அப்பாலும் ஒன்று இருத்தல் வேண்டுமென்று கருதிய செருமானிய அறிஞர் யோகான் றிட்டர், வெள்ளிக் குளோரைட்டு என்னும் உப்பினை நிறமாலையில் வைத்து நோக்கினார். ஊதா நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாததுபோலத் தோன்றிய இடத்திலேயே அவ்வுப்பு விரைந்து கறுத்தது. ஊதாக்கடந்த கதிர் இவ்வாறு அறிவுலகிற் புகுந்தது.

அலைநீளத்தின்படி அக்கதிரை அறிஞர் மூன்றாகப் பகுப்பர். 280 நானோமீற்றருக்குக் குறைந்தது வளிமண்டலத்தினால் முற்றாகத் தடுக்கப்படுகின்றது. 280 முதல் 315 வரையுள்ள நடுவகையின் பெரும் பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடுகின்றது. எஞ்சிய சிறு பகுதியே தோலைச் சிவக்கச் செய்வதும், தோலில் டி வைற்றமினை ஆக்குவதும். 315 முதல் 400 வரையுள்ள நெடுவகை நிலத்தைப் பெரும்பாலும் வந்தடைகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கதிர் மருத்துவரின் கையிற் கருவியாயிற்று. ஞாயிற்றின் ஒளி நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதை 1877இல் இங்கிலாந்திற் டவுன்ஸ், பிளன்ட் என்னும் இருவர் நிறுவினர். டென்மார்க்கு நாட்டு மருத்துவர் நீல்ஸ் பின்சன், செறிவூட்டிய ஒளியைப் பாய்ச்சித் தோலிற் பரவும் காசநோயைக் குணப்படுத்தினார். அதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். இந்திய மருத்துவமோ இதற்கு நெடுங்காலம் முன்னரே ஒளியைத் துணைக்கொண்டிருந்தது. வெண்புள்ளி கண்டவர்க்குக் கார்போகரிசியை மருந்தாகக் கொடுத்து வெயிலில் இருக்கச் செய்தல் பழைய முறையாகும். அவ்விதையிலுள்ள சோரலென் என்னும் பொருள் தோலை ஒளிக்கு உணர்வுடையதாக்குகின்றது என்பதைப் பிற்கால வேதியியல் விளக்கிற்று.

நோய் தரும் ஒளி

மருந்தாகப் போற்றப்பட்ட அக்காலத்திலேயே ஒளியின்மீது ஐயமும் எழுந்தது. செருமனியின் அம்பேர்க்குத் துறைமுகத்தில் மருத்துவராயிருந்த பவுல் உன்னா, வெயிலிலும் காற்றிலும் நாட்கழித்த கடலோடிகளின் முகத்திலும் கையிலும் தோல் தடித்து, அதன்மேற் புற்று எழுதலை 1894இல் விரித்துரைத்தார். பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் டுப்ரேய், அதே காலத்திற் திராட்சைத் தோட்டத்தில் உழைப்போரிடம் அவ்வாறே கண்டார். கடலும் தோட்டமும் வேறாயினும் வெயில் ஒன்றே. 1928இல் இலண்டனிற் பின்ட்லே என்பார், பாதரச ஆவி விளக்கின் ஒளியை எலிகளின்மீது நெடுநாட் பாய்ச்சித் தோற்புற்றை உண்டாக்கிக் காட்டினார். ஐயம் அத்துடன் தெளிந்தது.

ஒளி எவ்வாறு புற்றை ஆக்குகின்றது என்ற வினாவுக்கு அறிஞர் கூறிய விடை எளியது. கலத்தின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் இக்கதிரை உறிஞ்சும்போது, அடுத்தடுத்துள்ள இரு கூறுகள் தவறாகப் பிணைகின்றன. கலம் இப்பிழையைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலுடையது. திருந்தாது எஞ்சியவை விகாரங்களாகின்றன. விகாரம் மிகுந்த கலம் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றது. பிறவியிலேயே இத்திருத்தும் ஆற்றல் குன்றியோர்க்கு இளமையிலேயே தோற்புற்றுத் தோன்றுகின்றது என்பதன் காரணத்தை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தமை இவ்விடையை உறுதி செய்தது.

ஆயினும் அது பாதி விடையே. விகாரமடைந்த கலம் உடலுக்கு அந்நியமாகிவிடுகின்றது. நிர்ப்பீடனம் எனப்படும் உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியத்தை அறிந்து அழிக்க வல்லது. புற்றுக் கலங்கள் தோன்றுந்தோறும் அவ்வாற்றல் அவற்றைத் தேடி ஒழிக்கின்றது என்னும் கொள்கையை அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லேன் பேர்ணற் 1950களின் பிற்பகுதியில் முன்வைத்தார். அவ்வாறாயின் ஒளியினால் விளைந்த கட்டியை அக்காவல் ஏன் ஒழிக்கவில்லை?

எலிகள் அளித்த விடை

இவ்வினாவுக்கு விடை கண்டவர் மார்கரெட் கிரிப்கே என்னும் அமெரிக்க அறிஞராவார். ஒரே மரபில் உட்கலப்பால் வளர்த்த எலிகள் ஒன்றன் உறுப்பை மற்றொன்று ஏற்கும் இயல்புடையன. அத்தகைய எலிகளிற் சிலவற்றை அவர் ஊதாக்கடந்த ஒளியிற் பல திங்கள் வைத்துக் கட்டிகளை வளர்த்தார். பின்னர் அக்கட்டிகளை எடுத்து, ஒளி படாத அதே மரபு எலிகளிற் பதித்தார். பிறவகைக் கட்டிகள் வளரக்கூடிய அந்நிலையில், ஒளியால் விளைந்த கட்டிகளுட் பெரும்பாலானவை அழிந்தன. 1974இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி ஒரு புதிரை எழுப்பிற்று. நலமுற்ற எலி இத்துணை எளிதில் ஒழிக்கும் கட்டி, தான் தோன்றிய எலியில் மட்டும் தடையின்றி வளர்ந்தமை எவ்வாறு?

கட்டி தோன்றுவதற்கு முன்னரே, குறுகிய காலம் மட்டும் ஒளியில் வைக்கப்பட்ட எலிகளில் அதே கட்டிகள் பதிக்கப்பட்டன. அவ்வெலிகள் கட்டியை ஒழிக்கவில்லை, கட்டி வளர்ந்தது. ஒளி படாத இடத்திற் பதித்தபோதும் வளர்ந்தது. எனவே ஒளி தன்னைத் தீண்டிய தோலை மட்டுமன்றி, முழு உடலின் காவலையுமே மாற்றிவிட்டது என்பது தெளிவாயிற்று. கிரிப்கேயும் அவருடன் பணியாற்றிய பிஷரும் 1977இல் இதனை வெளியிட்டனர். மேலும், ஒளிபட்ட எலியின் நிணநீர்க் கலங்களை ஒளி படாத எலிக்கு மாற்றியபோது, பின்னதும் கட்டியை ஒழிக்கும் ஆற்றலை இழந்தது. காவலர் இறந்துபடவில்லை, காவலரை அடக்கும் கலங்கள் புதிதாகப் பிறந்திருந்தன என்பதே இதன் பொருள். ஒளி இருமுறை தீங்கிழைக்கின்றது. முதலிற் கலத்தைக் கெடுக்கின்றது; பின்பு கெட்ட கலத்தைப் பிடிக்க வேண்டிய காவலையும் அடக்கிவிடுகின்றது.

அடக்குங் கலங்கள் என்ற கருத்து 1980களில் அறிவியலாரிடையே மதிப்பிழந்தது. அவற்றைத் தனித்துப் பிரித்துக்காட்டும் அடையாளம் அக்காலத்திற் கிட்டாமையே காரணம். 1995இல் யப்பானிய அறிஞர் ஷிமொன் சாகாகுச்சி அவ்வடையாளத்தைக் கண்டார். ஒழுங்காக்கும் நிணநீர்க் கலங்கள் என்ற பெயருடன் அக்கருத்து மீண்டும் நிலைபெற்றது. அவருக்கும் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எலிகளில் முன்னரே புலப்பட்ட உண்மை, பெயர் மாறி அரியணை ஏறிற்று எனலாம்.

உறங்கும் காவலர்

தோலில் நிகழும் இவ்வுறக்கத்துக்கு வாயில்கள் பல. மேற்றோலிற் கிளை பரப்பி நிற்கும் ஒருவகைக் கலத்தை 1868இல், பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் கண்டு, நரம்பைச் சார்ந்ததென எண்ணினார். அது நரம்பன்று, காவற்கோபுரம் என்பது ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே விளங்கிற்று. அந்நியப் பொருளைப் பற்றி, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள போர்க்கலங்களுக்குக் காட்டுவதே அதன் பணி. ஊதாக்கடந்த ஒளி பட்ட தோலில் இக்கலங்கள் அருகிவிடுகின்றன. அத்தகைய தோலில் ஒவ்வாத வேதிப்பொருளொன்றைப் பூசினால், உடல் அதனை எதிர்க்கக் கற்பதற்குப் பதிலாகப் பொறுத்துக்கொள்ளக் கற்கின்றது என்பதை டோஸ், பெர்க்ஸ்ட்ரெசர், ஸ்ட்ரைலின் ஆகியோர் 1980இற் காட்டினர்.

ஒளியை முதலில் ஏற்றுச் செய்தி அனுப்புவது யாது என்பது அடுத்த வினா. மேற்றோலின் வெளிப்படையிற் செறிந்துள்ள யூரோக்கானிக் அமிலமே அது என்று டி பாபோ, நூனன் என்னும் இருவர் 1983இல் உரைத்தனர். நாயின் சிறுநீரிலிருந்து 1874இல் யாபே என்பவர் பிரித்தெடுத்தமையால் அப்பெயர் பெற்ற இவ்வமிலம், ஒளி பட்டவுடன் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கின்றது; மாறிய வடிவம் நிர்ப்பீடனத்தைத் தணிக்கின்றது. டி.என்.ஏ.யின் பழுதும் மற்றொரு வாயில். தென்னமெரிக்காவின் சிறு விலங்காகிய ஒப்போசம், கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் துணையால் அப்பழுதைத் திருத்தவல்ல நொதியம் உடையது. ஊதாக்கடந்த ஒளிக்குப் பின் அவ்வொளியையும் பெற்ற ஒப்போசத்தில் எதிர்ப்பாற்றல் தணியவில்லை. பழுதைத் திருத்தினாற் காவலும் மீளும் என்பது இதனாற் பெறப்பட்டது. பழுதுற்ற தோற்கலங்கள் இன்டர்லூக்கின் 10 முதலிய செய்திப் பொருள்களைக் குருதியில் விடுவதால், தோலில் நிகழ்ந்தது உடலெங்கும் பரவுகின்றது.

இத்தகைய கேட்டினை இயற்கை ஏன் அனுமதித்தது? வெயிலாற் சிதைந்த கலங்களை உடல் ஒவ்வொரு நாளும் அந்நியமெனக் கொண்டு தாக்குமாயின், வெளியிற் சென்றோர் அனைவரும் மாலையில் அழற்சியுடன் திரும்புவர். அதனைத் தவிர்க்கவே இத்தணிவு அமைந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. சிறிது வெயில் பட்டாலும் தோலிற் கொப்புளங் காணும் ஒளியொவ்வாமை உடையோரில் இத்தணிவு குறைவாகவே நிகழ்கின்றமை இதற்குச் சான்றாகும். ஆகவே காவலரின் உறக்கம் குற்றமன்று. தன் வீட்டைத் தானே இடியாதிருக்கும் பொறுமை அது. அப்பொறுமையின் மறைவிற் புற்றுக்கட்டி நுழைகின்றது.

பொறுமையே மருந்தாவதும் உண்டு. 1974இல் அமெரிக்க மருத்துவர் பரிஷ், பிட்ஸ்பாற்றிக் முதலியோரும் அவர்களுடன் இந்தியரான மது பாதக்கும் சோரலெனையும் நெடுவகைக் கதிரையும் இணைத்துச் செதிளுதிர் நோயைத் தணித்தனர். வரம்பு மீறிய எதிர்ப்பாற்றலால் விளையும் அந்நோயை, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ஒளி ஆற்றுதல் இயல்பே. ஆனால் அவ்வாறு மருந்து பெற்றோரிற் தோற்புற்று மிகுதியாக எழுவதை 1979இல் ஸ்டேர்ண் என்பார் எடுத்துக்காட்டினார். கார்போகரிசியின் வரலாறு இவ்வாறு இரு முகமும் கொண்டதாயிற்று.

கருந்தோலும் காவலும்

இவை யாவும் வெண்டோல் மக்களின் கவலை என்று கொழும்பிலுள்ளோர் கருதக்கூடும். அக்கருத்திற் பெரும் உண்மை உண்டு. மெலனின் என்னும் நிறப்பொருள், உட்கருவின் மேற் குடைபோற் கவிந்து கதிரைத் தடுக்கின்றது. வெண்டோலின் மேற்றோல் நடுவகைக் கதிரில் நூற்றுக்கு 24 பங்கை உட்செல்லவிட, கருந்தோல் ஏறத்தாழ 7 பங்கையே விடுகின்றது என்று 1979இல் அளந்து கண்டனர். இலங்கை ஆடவரை மிகுதியாகப் பற்றுவது வாய்ப்புற்றுநோய். அதற்கு வெற்றிலையும் பாக்கும் புகையிலையுமே தலையாய காரணங்கள்.

எனினும் குடை முழுக்காப்பன்று. ஒளியினால் எதிர்ப்பாற்றல் எளிதில் தணியும் இயல்பு, தோற்புற்று நோயாளருள் நூற்றுக்கு 92 பேரிடமும், நலமுடையோருள் ஏறத்தாழ 40 பேரிடமும் இருப்பதை 1990இல் ஸ்ட்ரைலின் குழுவினர் கண்டனர். அடுத்த ஆண்டில் அதே குழுவினர் ஆழ்ந்த நிறமுடையோரை ஆராய்ந்தபோது, அவர்களிடையேயும் பலர் அவ்வியல்பினராகவே காணப்பட்டனர். நிறம் கலத்தின் பழுதைப் பெரிதும் தடுத்தாலும், காவலின் உறக்கத்தை முற்றாகத் தடுக்கவில்லை. கடும் வெயிலில் அலைந்தபின் உதட்டோரத்திற் பழைய கொப்புளம் மீண்டும் எழுவதைப் பலர் கண்டிருப்பர். அடங்கியிருந்த வைரசு, காவல் தளர்ந்த பொழுதில் எழுந்ததன் அடையாளம் அது.

இக்காவல் யாரிடம் ஏற்கெனவே குன்றியுள்ளதோ அவர்க்கே இடர் பெரிது. பிறவியில் நிறப்பொருளற்றோர் முதல்வர். ஆபிரிக்க நாடுகளில் அத்தகையோர் இளமையிலேயே தோற்புற்றால் மாளுகின்றனர். மாற்றுச் சிறுநீரகம் பெற்று, அதனை உடல் தள்ளாதிருக்க நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை நாள்தோறும் உண்போர் அடுத்தவர்; அவர்களிற் தோற்புற்று மிகுவது, வெயில் மிகுந்த அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நன்கு புலனாயிற்று. மூன்றாமவர் தாமே இவ்விடரை விலைகொடுத்து வாங்குவோர். நிறத்தை வெளுக்கச் செய்யுமெனக் கடைகளில் விற்கப்படும் களிம்புகளுட் சில, பாதரசம் கலந்தவை; சில, வலிய ஸ்டீரொயிட்டு மருந்து கலந்தவை. முன்னது மெலனினை ஆக்கவொட்டாது தடுத்துக் குடையைப் பறிக்கின்றது. பின்னது தோலின் எதிர்ப்பாற்றலை அடக்கிக் காவலரையும் உறங்கச் செய்கின்றது. குடையும் காவலும் ஒருங்கே இழந்த தோலுடன் கொழும்பின் நண்பகலிற் செல்லுதல் அறிவுடைமையாகாது. முன்னோர் ஈந்த நிறம் இகழத்தக்கதன்று. அஃது உடலோடு பிறந்த கவசம்.

உலகம் விரித்த குடை

தோலின் குடையினும் பெரிய குடை வானிலுள்ள ஓசோன் படையாகும். குளிரூட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் அதனை அழிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் எச்சரித்தனர். கிரிப்கேயின் எலி ஆராய்ச்சி வெளிவந்ததும் அதே ஆண்டில் என்பது நினைக்கத்தக்கது. 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெரிதுங் குன்றியமை வெளியாயிற்று; 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. ஓசோன் குறைவின் தீங்குகளைத் தொகுத்துரைத்த ஐக்கிய நாடுகள் அறிஞர் குழு, 1989ஆம் ஆண்டின் அறிக்கை முதலாக, கட்பார்வைக் கேட்டுடனும் தோற்புற்றுடனும் நிர்ப்பீடனத் தணிவையும் எண்ணிற்று. இலங்கை 1989இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் திங்களில் உடன்படிக்கை நாடுகளின் பதின்மூன்றாவது மாநாடு கொழும்பிலேயே கூடிக் கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டது. ஓசோன் படை மெல்ல மீண்டு வருகின்றது. நாடுகள் பல ஒன்றுபட்டு அறிவியலின் சொல்லைக் கேட்டு நடந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று காண்டலரிது.

அறிவு மருத்துவத்துக்கும் உதவியது. ஒளியால் விளைந்த கட்டிகள் விகாரம் மிக்கவை. ஆதலின் உடலுக்குப் பெரிதும் அந்நியமானவை. கிரிப்கேயின் எலிகள் அக்கட்டிகளை எளிதில் ஒழித்தமைக்கு இதுவே காரணம். அடக்கப்பட்ட காவலரைத் தட்டி எழுப்பினால் மனிதரிலும் அவ்வாறு நிகழுமன்றோ? ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ என்போர் நிர்ப்பீடனத்தின் தடைகளை நீக்கும் வழி கண்டு 2018இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியில் எழுந்த மருந்துகள், முன்னர் கைவிடப்பட்ட மெலனோமா முதலிய தோற்புற்றுகளைப் பலரில் தணித்துள்ளன.

ஞாயிற்றை வெறுக்குமாறு இவ்வரலாறு கூறவில்லை. எலும்புக்கு வேண்டிய டி வைற்றமினை அளிப்பதும் அவ்வொளியே. எக்கதிரை எப்பொழுது ஏற்பது என்பதே அறியவேண்டியது. தன் நிழல் தன்னினும் குறுகிய பொழுதில் நடுவகைக் கதிர் வலிது. நெடிய பொழுதில் மெலிது. குடையும் தொப்பியும் கைநீண்ட சட்டையும் நண்பகற் பயணத்துக்குத் துணையாவன. பாடசாலை விளையாட்டும் வெளித்தொழிலும் இயன்றவரை காலையிலும் மாலையிலும் அமையுமாயின் நன்மை பெரிது. சூரிய வணக்கத்துக்கு முன்னோர் தேர்ந்த நேரம் விடியற்பொழுது. கதிரின் அலைநீளத்தை அளந்து அவர்கள் அவ்வாறு வகுத்தாரல்லர். எனினும், உதிக்கும் ஞாயிற்றைக் கைகூப்பி வரவேற்று, உச்சி ஞாயிற்றுக்கு நிழலில் ஒதுங்கும் அவ்வழக்கம், இக்கால அறிவியலுக்கும் உடன்பாடேயாகும்.